இரண்டு ஊரில் எண்ணப்பட்டவள்

ஜூன் 3

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது என்று நீதான் கடிதம் எழுதச் சொன்னாய். அலுவலகக் குறிப்பு எழுதியே பழகிய கை. இதையும் 'பொருள்', 'பார்வை' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

விஷயம் இதுதான். நேற்று மத்தியானம் சரிபார்ப்புப் பிரிவுத் தலைவர் என் மேஜைக்கு வந்தார். கணக்கெடுப்பு முடிந்த பிறகு யார் விடுபட்டார்கள், யார் இரண்டு முறை எண்ணப்பட்டார்கள் என்று சலித்துப் பார்ப்பவர். சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டம்மா நாட்டுல ரெண்டு பேரா இருக்காங்க" என்றார்.

இங்கே நம் வீட்டில் ஒருத்தி: மனைவி, தற்காலிகமாக வெளியூரில். எழுத வைத்தது நான். அங்கே உன் துறைமுக ஊரில் ஒருத்தி: தனி ஆள், குடும்பத் தலைவி. எழுத வைத்தது நீ. பெயர், பிறந்த நாள் எல்லாம் ஒன்று. மக்களை எண்ணும் அலுவலகத்தில் வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டிக்குத் தங்கள் வீட்டை எண்ணத் தெரியவில்லை என்று மாடி முழுக்கச் சிரிப்பு. வாத்தியார் பிள்ளை மக்கு என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

விதி உனக்கும் தெரியும். ஒருவர் ஆறு மாதமாவது ஓர் இடத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது இருக்க உத்தேசித்திருக்க வேண்டும். பதவி உயர்வோடு நீ புறப்பட்டபோது 'ஒரு வருஷம்தான்' என்றாய். வருஷம் தாண்டிவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடுவாய் என்றுதான் உன்னை இங்கே சேர்த்தேன்.

திரையில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. உன் இரண்டு புள்ளிகளையும் அருகருகே கொண்டுவந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் வெயில் மெல்லச் சாய்ந்து திரையின் மேல் விழுந்தது. எது எந்தப் புள்ளி என்று தெரியவில்லை. ஒன்று அங்கே வேலை பார்க்கட்டும், இன்னொன்று இங்கே என்னோடு இருக்கட்டும் என்று தோன்றியது. அப்படி ஒரு விதி இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்.

ஜூலை முடிவதற்குள் ஒரு பதிவை நீக்க வேண்டுமாம். அங்கே இருப்பதை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாயா?

உன்
அட்டவணை


ஜூன் 10

அன்புள்ள அட்டவணைக்கு,

முடியாது.

இந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதித் தபாலில் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வாயாடி என்று பட்டம் கொடுத்திருக்கிறீர்கள், அதைக் காப்பாற்ற வேண்டுமே.

வாசலுக்கு வந்த கணக்கெடுப்பாளரிடம் என்ன சொன்னீர்கள்? 'வெளியே போயிருக்கா, வந்துடுவா.' கடைக்குக் காய் வாங்கப் போனவளைச் சொல்கிற மாதிரி. போன் எடுத்து என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உத்தேசம் என்று விதியில் இருக்கிறதே, அது யாருடைய உத்தேசம்? என்னுடையதை நீங்கள் எப்படி எழுதினீர்கள்?

இந்த ஊர் எப்படி இருக்கிறது என்று இதுவரை நீங்கள் கேட்டதே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கடிகாரம் பழுது பார்க்கும் கடைக்கு மேலே என் அறை. காலையில் கடலிலிருந்து மூடுபனி ஏறி வரும். எதிர்வீடு போய்விடும், தெரு போய்விடும், கடைசியில் என் ஜன்னல் கம்பி மட்டும் மிச்சம். அந்தப் பனிக்குள்தான் நானும் என் கணக்கெடுப்புப் பெண்களும் வீடு வீடாகப் போகிறோம். கதவு தட்டும் வரை அங்கே வீடு இருப்பதே தெரியாது. திறந்ததும் உள்ளேயிருந்து மஞ்சள் வெளிச்சம், அடுப்புச் சூடு, ஒரு முகம். "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?" என்று கேட்டதும் அந்த முகம் கொஞ்ச நேரம் நம்மைத் தாண்டி எங்கோ பார்க்கும். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கேள்வித்தாளில் அதற்கு இடமில்லை, அதனால் உங்கள் திரைக்கு அது வந்து சேராது.

நீங்கள் எனக்கு அனுப்பியதெல்லாம் என்ன? 'பதினோராம் பகுதியில் நான்கு கட்டங்கள் காலியாக உள்ளன, நிரப்பி அனுப்பவும்.' கல்யாண நாளன்றும் அதுதான் வந்தது.

நான் இங்கே வசிக்கிறேன். என் பதிவை நீக்க மாட்டேன்.

வாயாடி


ஜூன் 17

வாயாடிக்கு,

கல்யாண நாள் விஷயம் உண்மை. அந்தக் கடிதத்தைச் சாக்காக வைத்துத்தான் உனக்கு எழுதினேன் என்று சொன்னால் நம்ப மாட்டாய்.

நீ இல்லாத வீட்டில் நான் எப்படி இருக்கிறேன் என்று நீயும் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும் விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறேன். நாள் முழுக்கப் பார்த்த அம்புகள் சுவரில் தெரிய ஆரம்பிக்கும். இடப்பெயர்ச்சி வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன் அல்லவா? முன்பு எங்கே இருந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்று நீங்கள் வாசல் வாசலாகக் கேட்டு வாங்கிய பதில்கள்தான் இங்கே அம்புகளாகின்றன. பெண்களின் அம்புகள் தடித்தவை. பாதிக்கு மேல் கல்யாணத்துக்காக வந்தவர்கள். ஆண்களுடையவை நீளம், வேலைக்காக. ஒரு நாள் கண்ணை மூடினேன், அத்தனை அம்புகளும் சத்தமில்லாமல் எழுந்து நடந்தன. லட்சம் பேர் மூட்டை முடிச்சோடு என் வரவேற்பறையைக் கடந்து போனார்கள். ஒருத்தரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் உன்னைத் தேடினேன், நீ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தாய்.

வேடிக்கைக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் ஊரின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்காக அங்கே வந்த பெண்கள் ஆயிரக்கணக்கில். ஆண்கள்? பூஜ்யம். ஒரு ஆள்கூட இல்லை. ஊர் உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று எண்களே சொல்கின்றன.

அண்ணன் வந்திருந்தான். "பொண்டாட்டியக் கூப்பிட்டு வெச்சுக்கத் தெரியல, நீயெல்லாம் நாட்டையே கணக்கெடுக்கறியாக்கும்" என்றான்.

இங்கே துணை இயக்குநர் இடம் காலியாகிறது. உனக்குத்தான் கிடைக்கும், எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். வந்துவிடேன்.

அட்டவணை


ஜூன் 25

அட்டவணைக்காரரே,

பூஜ்யமா?

எங்கள் தெருமுனையில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், சத்தியம் செய்துகொடுத்த வேலை. வசந்த காலச் சுற்றில் விரிவாகக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுத்த வீடுகளில் அவர் வீடும் வந்தது. கேட்டவள் புதுப் பெண் என்பதால் நானும் கூடப் போயிருந்தேன். கை நிறைய மாவோடு வந்து நின்றார்.

"எதுக்காக இந்த ஊருக்கு வந்தீங்க?"

"கல்யாணத்துக்காக."

அவள் சிரித்துவிட்டாள். "வேலைக்காகன்னு போட்டுக்கவா அண்ணே?"

"இருந்த நல்ல வேலைய விட்டுட்டுல்ல வந்தேன்? அப்புறம் எப்படி அது வேலைக்காக ஆகும்? இவ கடல விட்டு வர மாட்டேன்னா. நான் வந்துட்டேன். அவ்வளவுதான், எழுதிக்கோம்மா."

எழுதினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவர் மட்டுமா? பாரந்தூக்கி ஓட்டுகிறவர் ஒருவர், பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர். என் ஒருத்தியின் பகுதியிலேயே மூன்று பேர். பனியில் நனைந்து, நாய்க்குப் பயந்து, கதவைச் சாத்தியவர்களிடம் திரும்பத் திரும்பப் போய் நாங்கள் வாங்கிய பதில் அது. அந்த மூன்று பேரும் உங்கள் அட்டவணைக்கு வரும் வழியில் எங்கே போனார்கள்? கடல் கொண்டு போய்விட்டதா?

ஊர் உலகம் போகிற பக்கத்தை எனக்குச் சொல்லிக்கொடுக்கும் முன்னால் உங்கள் வீட்டுப் பானையில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

துணை இயக்குநர் பதவி எனக்கு வேண்டாம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய்தான் தெரியும்.

வாயாடி


ஜூலை 4

வாயாடிக்கு,

பானையில் ஓட்டை இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே மூலப் பதிவுகளைத் திறந்தேன். உன் மூன்று பேரும் இருக்கிறார்கள், நீங்கள் எழுதியபடியே பத்திரமாக. அட்டவணைக்குப் போகும் வழியில் பிழை திருத்தும் கணினி நிரல் ஒன்று இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வேலை, எண்பது வயதுக்காரருக்குக் கைக்குழந்தை, இப்படி எழுதப்பட்டவற்றைச் சரிசெய்வது. எனக்கு முன்னால் இருந்தவருக்கும் முன்னால் இருந்தவர் காலத்து நிரல். அதற்குள் ஒரு வரி: ஆண் என்றால், காரணம் கல்யாணம் என்றால், வேலை என்று மாற்று. பக்கத்தில் காரணமும் எழுதி வைத்திருக்கிறார்கள்: 'தவறான பதிவு'.

அந்த வரியை நிறுத்திவிட்டு வரைபடத்தை மறுபடி ஓட்டினேன். தடித்த அம்புகளுக்கு நடுவே தலைமுடி மாதிரி மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. உன் ஊருக்கு ஏழெட்டு. மலையடிவாரத்துக்குச் சில. தீவுக்கு ஒன்றே ஒன்று. மற்ற அம்புகளையெல்லாம் மறைத்துவிட்டு அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை ஆரம்பித்துவிட்டது. திரை நீலமாக இருந்தது. அந்தத் தீவுக்காரர் படகில் ஏறும்போது கையில் என்ன வைத்திருந்திருப்பார்? அவர் அண்ணன் என்ன சொல்லியிருப்பான்? இப்படியே யோசனை. சாயங்காலம்வரை ஒரு வேலையும் ஓடவில்லை.

இயக்குநரிடம் எடுத்துக்கொண்டு போனேன். "விடுங்க சார், கடுகளவு. கணக்கெடுப்புப் புத்தகம் அச்சுக்குப் போயாச்சு" என்றார். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்றேன். "உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த அட்டவணையின் கீழே என் கையெழுத்து வேண்டும். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பல வருஷத்தில் அந்த அறையில் நான் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான், பயத்தில் என் பேனாவை அவர் மேஜையிலேயே விட்டுவிட்டேன்.

ஒரு உதவி. அந்த ரொட்டிக்கடைக்காரரை மறுபடி பார்த்தால், வந்ததற்காக அவர் வருத்தப்படுகிறாரா என்று கேட்டுச் சொல். ஆய்வுக்காக இல்லை.

அட்டவணை


ஜூலை 9

அட்டவணைக்கு,

கேட்டேன். அடுப்பிலிருந்து தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"மொத ரெண்டு வருஷம் தினமும் வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டது தப்பில்ல. இவகிட்ட சொல்லாம மறைச்சதுதான் தப்பு. சண்டை போட்டு ஒரு நாள் எல்லாத்தையும் கொட்டிட்டேன். அன்னிக்குத்தான் நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தேன்னு வெச்சுக்கோங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல்: "மறைச்சாராம்! மூஞ்சிய மூணு முழம் நீட்டிக்கிட்டுத் திரிஞ்சது எனக்குத் தெரியாதாக்கும்!"

கையெழுத்துப் போட மறுத்தீர்கள் என்று படித்ததும் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். பயத்தில் பேனாவை விட்டுவிட்டு வந்ததை எழுதியிருக்கிறீர்களே, அதற்காக.

ஆய்வுக்காக இல்லை என்றால் வேறு எதற்கு?

வாயாடி


ஜூலை 18

அன்புள்ள வாயாடிக்கு,

இன்று காலை சரிபார்ப்புப் பிரிவுக்குப் போனேன். நம் வீட்டுப் பதிவிலிருந்து உன்னை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தலைவர் இந்த முறை சிரிக்கவில்லை. "காபி சாப்பிடறீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். இப்போது உன் புள்ளி ஒன்றுதான், அங்கே. நம் வீட்டில் உறுப்பினர்: ஒருவர்.

என் கையெழுத்து இல்லாமல் வெளியிட முடியாது என்பதால் புத்தகத்தில் அந்தப் பக்கத்தை மாற்றுகிறார்கள். உன் மூன்று பேரும் அச்சில் வருவார்கள். இயக்குநர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். உன் மாவட்ட அலுவலகத்தில் பதிவுகளைச் சரிபார்க்கும் இடம் ஒன்று காலியாக இருக்கிறது. எனக்கு அது இரண்டு படி இறக்கம். மாற்றல் கேட்டால் தருவார்களா என்று நிர்வாகப் பிரிவில் விசாரித்தேன். "எழுதிக் கொடுத்தா நாளைக்கே தருவாங்க, ஆனா உங்களுக்குப் பைத்தியமா?" என்றார்கள். அண்ணனிடம் சொன்னேன். அவன் சொன்னதை எழுத மாட்டேன், முந்தானை என்ற சொல் அதில் மூன்று முறை வந்தது.

இத்தனை வருஷம் ஊரெல்லாம் கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். நம் வீட்டிலிருந்து ஒரு அம்பு போகலாம் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை. வருகிறவள் நீ, காத்திருக்கிறவன் நான், அப்படியே உறைந்துவிட்டேன். நீ இல்லாமல் எனக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. அதை ஒரு வருஷம் முன்பே ரயிலடியில் சொல்லியிருக்க வேண்டும்.

விண்ணப்பம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். கொடுக்கவில்லை. உன்னைக் கேட்காமல் உன் பெயரை ஒரு முறை எழுத வைத்தாயிற்று, இனி அது வேண்டாம்.

வரட்டுமா?

உன்
அட்டவணை


ஜூலை 26

அன்புள்ளவருக்கு,

'உடனே வாருங்கள்' என்று முதலில் எழுதினேன். எழுதிவிட்டு அறைக்குள் நடந்தேன். பிறகு கிழித்துவிட்டேன். கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள்.

கணக்கெடுப்பு அன்று என் அறைக்கு வந்தவள் என்னிடம் வேலை பார்க்கிற பெண்தான். "வீட்ல எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டாள். ஒருத்தி என்றேன். உங்கள் மேல் இருந்த கோபத்தில் சொன்னேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மை என்னவென்றால், அப்படிச் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒருத்தி. பனி ஜன்னல்வரை வந்து நின்றது, கீழே கடைக்காரர் ஏதோ கடிகாரத்தைச் சரிசெய்து மணி அடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார், நேரம் என்னவென்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறந்த வீட்டிலிருந்து நேராக நம் வீட்டுக்கு வந்தவள் நான். நடுவில் இப்படி ஓர் அறை இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

இந்தச் சந்தோஷத்தை ஒளித்து வைத்துக்கொண்டு உங்களை வரச் சொன்னால், நாளைக்கு உங்கள் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்து எரிந்து விழுவேன். நீங்கள் இரண்டு படி இறங்கி வந்ததைச் சொல்லிக் காட்டுவீர்கள். இருவருமே மறைப்பதில் கெட்டிக்காரர்கள்.

நீங்கள் எனக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாயங்காலங்களில் கடல் பக்கம் போகும்போது, இதைப் பார்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று நினைக்காமல் ஒரு நாளும் திரும்பியதில்லை. கணக்கில்லாமல் பேசுகிற உங்களை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தக் கடைசி இரண்டு கடிதங்களை எழுதியவரை நான் இதுவரை நேரில் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டும்.

அதனால் கேட்கிறேன். ரொட்டிக்கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. என் அறையிலிருந்து நடந்து போகிற தூரம். விடியற்காலையிலேயே கீழேயிருந்து சூடு ஏறி வரும், குளிராது. முதலில் இந்த ஊருக்கு வாருங்கள். என் வீட்டுக்கு வருவதைப் பிறகு பார்ப்போம். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. நடுவில் நான் மனம் மாறினால் உங்களுக்கு முதலில் சொல்வேன். மாறாவிட்டாலும் சொல்வேன்.

இதற்கு மேல் நல்லவளாக எழுத வரவில்லை.

வாயாடி


ஆகஸ்ட் 5

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. விண்ணப்பத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். நான் எல்லாவற்றையும் விட்டு வருகிறேன் என்கிறேன், இவள் ரொட்டிக்கடை மாடியைக் காட்டுகிறாளே என்று அலுவலகத்திலிருந்து வீடுவரை நடந்தே வந்தேன். வழியெல்லாம் உன்னோடு வாய்விட்டுச் சண்டை போட்டிருப்பேன் போலிருக்கிறது, ஒரு அம்மாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்து விளக்குப் போட்டேன். ஒருத்தி என்று சொன்னபோது சந்தோஷமாக இருந்தது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மறுபடி படித்தேன். நம் வீட்டில் நீ அப்படிச் சந்தோஷமாக இருந்த நாள் ஏதாவது உண்டா என்று யோசித்தேன். இருந்திருக்கலாம். நான் கவனிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் அந்த விண்ணப்பத்தையே எடுத்து நீவிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கசங்கிய தாளை நிர்வாகப் பிரிவில் வாங்கி முத்திரை குத்தினார்கள். உத்தரவு இன்று கையில் கிடைத்தது. அறையை எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடு. நீயாகக் கூப்பிடும் வரை உன் வாசலுக்கு வர மாட்டேன். கூப்பிடாமலே இருந்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. அதையும் சொல்லிவிட்டேன்.

ரயிலடிக்கு வராதே. தெருவில் யாரையாவது வழி கேட்டு நானே வந்துகொள்கிறேன்.

தனி அறை என்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வியாழக்கிழமை வண்டிக்குக் கிளம்புகிறேன்.

அட்டவணை